மில்லுப் பேச்சு

எங்கள் லைன் வீட்டில் குடத்துத் தண்ணீர் ஒருநாளும் அசையாமல் நின்றதில்லை. மூடியை எடுத்து எட்டிப் பார்த்தால், ஆள் தொடாமலே தண்ணீரின் மேல் மெல்லிய வட்டங்கள் கிளம்பி ஓரத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். சுவரில் சாய்ந்தால் முதுகுக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். பாயில் காதை வைத்துப் படுத்தால் தரைக்கு அடியில் யாரோ ஓயாமல் மாவரைப்பது போலக் கேட்கும். ராஜபாளையத்தில் மில் மதிலை ஒட்டி வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்று அது. மதிலுக்கு அந்தப் பக்கம் நூல் இயந்திரங்கள் எல்லா ஷிப்டிலும் ஓடின. பிறந்ததும் தவழ்ந்ததும் அந்த நடுக்கத்தின் மேல்தான் என்பதால், எல்லா ஊரிலும் தரை இப்படித்தான் நடுங்கும் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

நான் அதிகம் படித்தவள் இல்லை. எட்டாம் வகுப்புப் பாதியில் நின்றவள். அது ஏன் என்பது போகப்போகத் தெரியும். எதை எடுத்தாலும் முதலில் கெட்டதாகவே தோன்றுகிற மனசு எனக்கு. அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா, பஸ் கவிழ்ந்துவிடுமா என்று ஒன்று முடிந்தால் ஒன்று வந்துகொண்டே இருக்கும். இதை எழுதும்போதும் யார் மனதாவது புண்படுமோ என்று நாலு தடவை பேனாவை மூடி வைத்தேன். இருந்தாலும் எங்கள் மில்லுக்குள் இருந்த ஒரு பிள்ளைகள் அறையைப் பற்றியும், என் தங்கை சுப்புலட்சுமியைப் பற்றியும் யாராவது எழுதி வைக்க வேண்டும். வேறு யாரும் எழுதப் போவதில்லை.

அப்பாவும் அம்மாவும் அந்த மில்லில்தான் வேலை பார்த்தார்கள். அம்மாவுக்கு ரிங் பிரேம், அதாவது கதிர்களில் நூல் சுற்றும் பகுதி. அங்கே பக்கத்தில் நிற்பவள் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே வேலை பார்த்தவர்களுக்கென்று ஒரு பேச்சு உண்டாகியிருந்தது. உதட்டை அகலமாக அசைப்பார்கள், சத்தம் வராது. மிச்சத்தைக் கை சொல்லிவிடும். தோளில் இரண்டு விரலால் தட்டினால் சூப்பர்வைசர் வருகிறார் என்று அர்த்தம். பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்தால் நூல் அறுந்திருக்கிறது. இதை எங்கள் லைனில் "மில்லுப் பேச்சு" என்பார்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அது கூடவே வந்துவிடும். சோறு போடட்டுமா என்று அம்மா கேட்பது கையால், போதும் என்று அப்பா சொல்வது புருவத்தால். சேத்தூரில் வாழ்க்கைப்பட்டிருந்த எங்கள் அத்தை, அப்பாவின் அக்கா, வரும்போதெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பாள்.

"ஏலே, புருசனும் பொண்டாட்டியும் சண்டை போட்டாக்கூட அடுத்த வீட்டுக்குத் தெரியாது. குடுத்து வச்சவிய நீங்க."

சுப்பு எனக்கு இளையவள். அவளுக்குப் பேச்சு வரவில்லை என்பதை எங்கள் லைனில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மில்லுக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும் என்றார்கள். அவள்தான் எல்லாவற்றுக்கும் கையால் பதில் சொல்கிறாளே. அம்மா உதட்டை அசைத்தால் ஓடிப்போய்ச் சொம்பை எடுத்து வருகிறாளே. ஷிப்டு முடிந்து சங்கு ஊதினால் எங்கள் எல்லோருக்கும் முன்னால் எழுந்து வாசலுக்குப் போய் அம்மா வருகிற வழியைப் பார்க்கிறாளே. வேறு வீட்டில் பிறந்திருந்தால் ஒரு வயதிலேயே கண்டுபிடித்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அவளுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை, ஏனென்றால் எங்கள் வீடே அவளுக்கு ஏற்றாற்போல்தான் இருந்தது.

மில்லில் பெண்கள் வேலை பார்த்தால் கைப்பிள்ளைகளுக்கு ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்று சட்டம். அதற்காகத் தொட்டில் கட்டி ஓர் ஆயாவை வைத்த கொட்டகை ஒன்று முன்பே இருந்தது. முதலாளி வீட்டுக்கு மருமகளாக வந்த ஓர் அம்மாள் மெட்ராஸில் பார்த்த ஒரு பள்ளிக்கூடத்தைப் போல இங்கேயும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, அந்தக் கொட்டகையை ஒட்டி ஓர் அறை கட்டச் செய்தார். மில் தச்சர் கழித்துப்போட்ட தேக்குத் துண்டுகளையும் நூல் சுற்றி உடைந்த மர பாபின்களையும் கடைந்து அந்த அறைக்குச் சாமான் செய்து கொடுத்தார்: பெரிதிலிருந்து சிறிதாக ஒன்றன் மேல் ஒன்று அடுக்கும் கட்டைகள், அளவு பார்த்துக் குழிக்குள் இறக்கும் உருளைகள், பித்தான் போட்டுப் பழகும் சட்டங்கள், பலகையில் உப்புத்தாளை வெட்டி ஒட்டிய எழுத்துகள். எல்லாம் மரம் என்பதால் நாங்கள் அதை "மரப் பள்ளிக்கூடம்" என்றோம்.

அதை நடத்த வந்தவர் ரூபி டீச்சர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் காலை பஸ்ஸில் வருவார். ஒல்லியான உடம்பு, வெளிர் நிறச் சேலை, நடந்தால் செருப்புச் சத்தம்கூடக் கேட்காது. அவர் எங்களுக்கு எதையும் சொல்லிக்கொடுத்த மாதிரியே எனக்கு நினைவில்லை. பாயை விரித்துக்கொண்டு வேண்டிய சாமானை நாமே எடுக்க வேண்டும், ஒரு பிள்ளை வேலையில் இருக்கும்போது இன்னொரு பிள்ளை தொடக்கூடாது, டீச்சரும் தொடமாட்டார். புதிதாக ஒன்றைக் காட்ட வேண்டுமானால் எதிரே வந்து குனிந்து, நம் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வாயைத் திறக்காமல் கையால் மெதுவாகச் செய்து காட்டுவார். கை காட்டும்போது வாய் பேசினால் பிள்ளைக்கு எதைப் பார்ப்பது என்று தெரியாமல் போய்விடும் என்பது அந்த முறையின் விதி. தூரத்திலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். பக்கத்தில் வந்து தோளைத் தொடுவார்.

குழாயடியில் பெண்களுக்கு இது பெரிய சந்தேகமாக இருந்தது.

"பாட்டு இல்ல, அடி இல்ல, சத்தம் இல்ல. இது என்ன பள்ளிக்கூடம்?"

"ஒங்க வீட்டுப் பிள்ளைய எங்க சத்தம் போட விடுதிய நீங்க? அங்கயாவது அடியில்லாம இருக்குல்ல."

அந்த அறையில் எல்லாவற்றிலும் சுப்புதான் முதலில் நின்றாள். உருளைகளைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே குழியில் இறக்குவாள். உப்புத்தாள் எழுத்தின் மேல் விரலை ஓட்டிவிட்டு, போய் மணல் தட்டில் அதே எழுத்தை எழுதிவிட்டு, திரும்ப வந்து தடவுவாள். பக்கத்தில் ஒரு பிள்ளை அழுதாலும் அடித்துக்கொண்டாலும் அவள் தலை நிமிராது. ஒருநாள் அம்மா கூட்டிப்போக வந்தபோது டீச்சர் கண் கலங்கிச் சொன்னார்.

"இந்த வயசுல இப்படி ஒரு கவனத்த நான் பார்த்ததே இல்லைம்மா. நாங்க படிச்சதுல இதத்தான் எழுதியிருந்தாங்க, கண்ணால இப்பத்தான் பாக்குறேன்."

அம்மா வெட்கப்பட்டுத் தலை குனிந்துகொண்டாள். அன்று இரவு அப்பாவிடம் அதைக் கையால் சொல்லிக் காட்டினாள். அப்பா சுப்புவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு லைன் முழுவதும் நடந்தார்.

அந்த அறையில் ஒரு விளையாட்டு இருந்தது. மில் ஓடும்போது அதை விளையாட முடியாது. கரண்ட் போனால்தான் முடியும். கரண்ட் போய் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக அடங்கியதும் திடீரென்று காக்கைச் சத்தம், சைக்கிள் மணி, தூரத்தில் யாரோ இருமுவது எல்லாம் கேட்கத் தொடங்கும். அப்போது டீச்சர் விரலை உதட்டில் வைப்பார். நாங்கள் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவர் பின்கதவுக்கு வெளியே போய் நின்று, காற்று மாதிரி, ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பெயர் கேட்ட பிள்ளை எழுந்து, பாயைக்கூட உரசாமல், அடிமேல் அடி வைத்து அவரிடம் போய்ச் சேர வேண்டும். கடைசி வரை பொறுத்திருப்பதுதான் அதில் பெருமை என்பதால், எந்தப் பிள்ளை அதிகம் பொறுக்கும் என்று பார்த்து அதைக் கடைசியில் கூப்பிடுவார்.

சுப்பு அதற்கு முன்பும் விளையாடியிருக்கிறாள். ஆனால் கண்ணை முழுதாக மூடமாட்டாள், பக்கத்துப் பிள்ளை எழுந்தால் தானும் எழுந்துவிடுவாள். சின்னப் பிள்ளைதானே என்று டீச்சர் விட்டுவிடுவார். அன்றைக்கு அவளுக்கு என்ன தோன்றியதோ, பெரிய பிள்ளைகளைப் போலவே விளையாட வேண்டும் என்று கண்ணை இறுக்கி மூடி, இரண்டு கையையும் மடியில் வைத்து, நேராக உட்கார்ந்துகொண்டாள். என் பெயர் வந்தது, நான் போனேன். எல்லாப் பெயரும் வந்தன. அறையில் சுப்பு மட்டும் இருந்தாள். டீச்சர் எங்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, எங்களில் யாருக்கும் செய்யாத அளவு மெதுவாக, "சுப்புலட்சுமி" என்றார்.

அவள் அசையவில்லை. டீச்சர் இன்னொரு தடவை கூப்பிட்டார். கொஞ்சம் சத்தமாக. பிறகு நாங்கள் பேசுகிற அளவுக்கு. அதன் பிறகு, அதுவரை ஒரு பிள்ளையிடமும் குரல் உயர்த்தாத ரூபி டீச்சர், கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு, தெருவுக்குக் கேட்கிற மாதிரி, "சுப்பு, ஏ சுப்பு" என்று கத்தினார். பிள்ளைகள் நாங்கள் பயந்துபோய் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டோம். சுப்பு கண்ணை மூடியபடி, உதட்டில் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தான் ஜெயித்துக்கொண்டிருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

அந்த நேரத்தில் கரண்ட் வந்தது. மதிலுக்கு அப்பால் இயந்திரங்கள் உறுமின, தரை நடுங்கத் தொடங்கியது. சுப்பு உடனே கண்ணைத் திறந்தாள். காலி அறையைச் சுற்றிப் பார்த்தாள். கதவருகில் நாங்கள் எல்லோரும் கூட்டமாக நிற்பதைக் கண்டதும், தன்னை மட்டும் யாரும் கூப்பிடவில்லை என்று அவள் முகம் கோணியது. டீச்சர் ஓடிப்போய் அவளை வாரி எடுத்துக்கொண்டு, தரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், தனக்குள் ஏதோ சொல்லிக்கொண்டார். சங்கு ஊதும்போது அவள் எப்படி முதலில் எழுந்தாள் என்பது அந்த நிமிடத்தில் அவருக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். ஷிப்டு மாறும்போது சில இயந்திரங்களை நிறுத்துவார்கள். தரையின் நடுக்கம் குறையும். அவள் காலால் அதை அறிந்திருந்தாள்.

அன்று மாலை டீச்சர் பஸ்ஸை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா நம்பவில்லை.

"என்ன டீச்சர் சொல்லுதிய? சங்கு ஊதுனா மொத ஆளா ஓடுதவ. கேக்காமலா ஓடுதா?"

டீச்சர் நடுக்கத்தைப் பற்றிச் சொன்னார். அப்பா சுப்புவுக்குப் பின்னால் போய்க் கையைத் தட்டினார். அவர் கால் தரையில் பட்டதற்கோ, நிழல் விழுந்ததற்கோ அவள் திரும்பினாள். "பாத்தியளா" என்றார் அப்பா. டீச்சர் அம்மாவைப் பார்த்து, "நீங்க கூப்பிடுங்கம்மா. தூரத்துல நின்னு கூப்பிடுங்க" என்றார்.

அம்மா கதவோரமாக நின்றாள். சுப்பு அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா வாயைத் திறந்தாள். உதடு அகலமாக அசைந்தது, சத்தம் வரவில்லை. வருஷக்கணக்கில் மில்லில் நின்ற பழக்கம். அப்பா அதட்டினார்.

"சத்தம் போட்டுக் கூப்பிடு."

அம்மா மறுபடியும் அதையேதான் செய்தாள். மூன்றாவது தடவைதான் குரல் வந்தது. வந்த குரல் எங்கள் யாருக்கும் பழக்கமில்லாத, வேறு யாருடையதோ போன்ற குரலாக இருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். சுப்பு அடுத்த தீப்பெட்டியை எடுத்து வைத்தாள்.

அதன் பிறகு எல்லாம் கீழ்நோக்கித்தான் போயிற்று. டீச்சரே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அழைத்துப்போய் ஒரு டாக்டரிடம் காட்டினார். நரம்பில் குறை, ஒன்றும் செய்வதற்கில்லை, ஆனால் கையால் பேசுவதை நிறுத்துங்கள், கையால் பேசினால் வாய்ப்பேச்சு வராது என்றார் அவர். அந்தக் காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா எல்லோர் கையையும் கட்டிப்போட்டது மாதிரி ஆக்கிவிட்டார். அம்மா கையைத் தூக்கினால் முறைப்பார். அதுவரை எல்லாம் தெரிந்த பிள்ளையாக இருந்த சுப்பு, தன் வீட்டுக்குள்ளேயே வெளியூர்க்காரி போல ஆகி, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு திரிந்தாள். சேத்தூர் அத்தை வந்தாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

"வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு கடைசி மாசம் வரைக்கும் மிசின்ல நின்னா வேற எப்படிப் பெறக்கும்? அந்தச் சத்தம் உள்ள போகாதா?"

அது உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அம்மா அதை நம்பினாள். மறுநாள் வழக்கம்போல அதே இயந்திரத்தின் முன்னால் போய் நின்றாள், ஏனென்றால் நிற்காவிட்டால் அடுப்பு எரியாது. சில மாதங்களில் வாய்ப்பேச்சும் வராமல் கைப்பேச்சும் இல்லாமல் பிள்ளை மெலிந்து போனதைப் பார்த்து, அப்பா இல்லாத நேரத்தில் கையைத் திரும்ப எடுத்தவளும் அவள்தான். பிறகு அப்பாவும் விட்டுவிட்டார்.

ரூபி டீச்சர் மட்டும் விடவில்லை. மற்ற பிள்ளைகள் ஐந்து வயதில் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள், நானும் போனேன். சுப்புவைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். உப்புத்தாள் எழுத்துகளைச் சேர்த்துச் சொல்லாக்கி, சொல்லின் பக்கத்தில் பொருளை வைத்து, பால், படம், மரம் என்று அவளை வாசிக்கவைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த முறையைக் கண்டுபிடித்தது இத்தாலி நாட்டு டாக்டரம்மா ஒருவர். கூலிவேலைக்குப் போகிறவர்கள் குடியிருந்த கட்டடத்தில், பிள்ளைகள் சுவரைக் கிறுக்கிப் பாழாக்காமல் இருக்கட்டும் என்று சொந்தக்காரர்கள் ஒதுக்கிய ஓர் அறையில்தான் அவர் தொடங்கினார். யுத்தகாலத்தில் சொந்த நாட்டுக்குப் போக முடியாமல் மெட்ராஸ் பக்கம் தங்கியபோது இங்கே பலருக்குக் கற்றுக்கொடுத்தார். அப்படிக் கற்ற ஒருவரிடம்தான் டீச்சர் படித்தார். அதைவிட முக்கியமான ஒன்றையும் சொன்னார். அந்த டாக்டரம்மாவுக்கு முன்பே, பிரான்சில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் இருந்த ஒரு டாக்டர், பேச்சே வராத ஒரு பையனுக்குப் பாடம் சொல்ல யோசித்த வழிகளிலிருந்துதான் இந்த முறை முளைத்தது.

"இது இவ மாதிரிப் பிள்ளைக்காகத்தான்மா மொதல்ல வந்ததே. மத்தவங்களுக்கு அப்புறந்தான் போச்சு."

அம்மாவுக்கு எவ்வளவு புரிந்ததோ, டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதலாளி வீட்டில் பாகம் பிரிந்தது. அந்த மருமகள் அம்மாள் வெளியூர் போய்விட்டார். சட்டத்துக்குத் தொட்டில் போதும் என்று அறையைப் பூட்டினார்கள். மரச் சாமான்களை வண்டியில் ஏற்றி, டவுனில் கட்டணம் வாங்கிப் பிள்ளைகளைச் சேர்த்த ஒரு புதிய நர்சரிப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார்கள். சாமானோடு டீச்சரையும் அங்கே கேட்டார்கள். சுப்புவைச் சேர்த்துக்கொண்டால் வருகிறேன் என்றார் அவர். அம்மாவையும் எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு அந்தப் பள்ளித் தாளாளரைப் பார்க்கப் போனார். அவர் கெட்ட மனிதர் இல்லை. எங்களை உட்காரச் சொன்னார், பிள்ளைகளுக்கு மோர் கொடுக்கச் சொன்னார்.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. பணம் கட்டிச் சேக்குறவங்க என்ன சொல்லுவாங்க? ஊமைப் பிள்ளையோட சேத்து ஒக்கார வச்சா எங்க பிள்ளைக்கும் பேச்சு வராதுன்னு சொல்லிட்டாங்கன்னா?"

"சார், இந்தச் சாமானெல்லாம் அந்த மாதிரிப் பிள்ளைக்காகத்தான் சார் செஞ்சதே."

"இருக்கட்டும். அது வெளிநாடு."

டீச்சர் எழுந்துவிட்டார். அந்த வேலைக்குப் போகவில்லை. தெற்கே காது கேளாத பிள்ளைகளுக்கு விடுதியோடு ஒரு பள்ளி இருக்கிறது என்று விசாரித்து வந்து, அப்பாவிடம் மன்றாடினார். பொட்டப்பிள்ளை, வாய் பேசாதது, ஏதாவது நடந்தால் வந்து சொல்லக்கூடத் தெரியாதே என்றார் அப்பா. அந்தப் பயம் பொய்யானது என்று என்னால் சொல்ல முடியாது. எனக்கும் அதே பயம்தான் வந்திருக்கும். டீச்சர் மறுபடி மறுபடி வந்தார். கடைசியாக வந்தபோது தனக்கு வடக்கே ஒரு கான்வென்டில் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லி, சுப்புவின் தலையில் கையை வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார். அவர் போன பிறகு சுப்பு ஒவ்வொரு நாளும் அந்தப் பூட்டிய அறை வரை போய்விட்டு வந்தாள். யாரும் அவளுக்குச் சொல்லிப் புரியவைக்கவில்லை. மில்லுப் பேச்சில் வேலைக்கு வராதவர்களுக்கு ஒரு சைகை உண்டு. இனி வரவே மாட்டார்கள் என்பதற்கு இல்லை.

முனிசிபல் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். பெயர் கூப்பிட்டால் பதில் இல்லை என்று அடித்தார்கள். அவளுக்குப் பதிலாக "உள்ளேன்" சொல்ல என்னை அவள் வகுப்பிலேயே கொஞ்ச நாள் உட்காரவைத்தார்கள். பிறகு அவள் நின்றாள். வீட்டைப் பெருக்கினாள், சோறாக்கினாள், வளர்ந்தாள்.

அவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அம்மாவின் சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்தார். நல்ல செய்தி கொண்டுவருகிறவர் மாதிரிச் சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஒங்க சின்னவள வேலைக்கு அனுப்புங்க. மத்த பிள்ளைகளுக்குக் காது போயிருமேன்னு பயம், தலைய வலிக்குதுன்னு லீவு. இவளுக்கு என்ன, சத்தம் ஒண்ணும் பண்ணாது. பராக்குப் பாக்காம வேலை செய்யுமாமே, அந்த டீச்சரம்மா எங்கிட்டயே எம்புட்டு தடவை சொல்லிருக்கு."

ரூபி டீச்சர் கண் கலங்கிச் சொன்ன அதே கவனம்தான். அதை அவர் யாருக்காகக் காத்து வளர்த்தார், யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று இப்போதும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அப்பா தயங்கினார். ஆபத்து என்று கூப்பிட்டால் கேட்காதே என்றார். அதற்கும் சூப்பர்வைசரிடம் வழி இருந்தது. என்னைக் காட்டி, "பெரியவளும் கூட வரட்டும். இவ காது, அவ கை" என்றார்.

நான் எட்டாம் வகுப்பில் நின்றது அப்படித்தான். அடுத்தடுத்த இயந்திரத்தில் நின்றோம். என் கண் என் நூலில் பாதி, அவள் முதுகுக்குப் பின்னால் பாதி. தள்ளுவண்டி வருகிறதா, பெல்ட் தளர்கிறதா, யாராவது கத்துகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருப்பது எனக்கு வேலையாயிற்று. அந்த வேலை இன்னும் முடியவில்லை. என் மகள் ரோட்டைக் கடந்தாலும் பேரன் படியில் ஏறினாலும் அவர்களுக்குப் பின்னால் என்ன வருகிறது என்றுதான் என் கண் போகிறது.

இப்போது மில் இல்லை. இயந்திரங்களைக் கழற்றி விற்று, இடத்தைப் பிளாட் போட்டு விற்றுவிட்டார்கள். லைன் வீடுகள் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். நான் தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறேன். சுப்பு கல்யாணம் ஆகாமல் என்னோடு இருக்கிறாள். அந்த இத்தாலி டாக்டரம்மாவின் பெயரைப் போர்டில் எழுதாத நர்சரிப் பள்ளி இப்போது ராஜபாளையத்தில் தேடினாலும் கிடைக்காது. போன வருஷம் பேரனைச் சேர்க்க மகளோடு ஒன்றுக்குப் போனேன். ஏசி அறை, பெஞ்சு வரிசை, டீச்சர் கையில் மைக். எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டை இங்கிலீஷில் கத்திக்கொண்டிருந்தார்கள். காது கேளாத பிள்ளைகளைச் சேர்ப்பீர்களா என்று கேட்டேன். மகள் என் கையை அழுத்தினாள். உங்கள் பேரனுக்கு ஏதாவது பிரச்சினையா மேடம் என்று அந்தப் பெண் பதறினாள். இல்லை, சும்மா கேட்டேன் என்றேன்.

சுப்புவுக்கு ரொம்ப நாளாக இருமல். படி ஏறினால் மூச்சு நின்று நின்று வருகிறது. போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். முகக்கவசம் போட்டிருந்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தபடி பேசினார். உதட்டைப் படித்தே வாழ்ந்தவளுக்குப் படிக்க ஒன்றும் இல்லை. எத்தனை வருஷம் பஞ்சில் வேலை என்று என்னைக் கேட்டார். சொன்னேன். நுரையீரல் பஞ்சுத் தூசியில் கெட்டுவிட்டது, இதற்கு மேல் சரியாகாது, மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம், கொஞ்ச காலம் போனால் வீட்டிலேயே ஆக்சிஜன் வைக்க வேண்டியிருக்கும் என்றார். எனக்கு ஏன் எதுவும் வரவில்லை என்று கேட்டேன். ஒவ்வொரு உடம்பு ஒவ்வொரு மாதிரி அம்மா என்றார்.

வெளியே வந்ததும் சுப்பு புருவத்தை உயர்த்தினாள். என்ன சொன்னார்?

நான் கையைத் தூக்கினேன். எங்கள் பேச்சில் நூலுக்கு வார்த்தை இருக்கிறது. இயந்திரத்துக்கு, டீக்கு, சம்பளத்துக்கு, தலைவலிக்கு, பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்பதற்கு, அவன் மோசமானவன் என்பதற்கு இருக்கிறது. நுரையீரலுக்கு இல்லை. சரியாகாது என்பதற்கு இல்லை. அவளுக்கு எழுதிக் காட்டலாம் என்றால், அவள் வாசிப்பு பால், படம், மரத்தோடு நின்றுபோனது. மில்லுப் பேச்சு தெரிந்தவர்கள் எல்லோரும் போய், இப்போது அதைப் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அதற்குள் புதிதாக ஒரு வார்த்தை செய்து, அதன் அர்த்தம் இதுதான் என்று ஆஸ்பத்திரி வாசலில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? தூக்கிய கை அப்படியே நின்றது.

சுப்பு என் முகத்தைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் தெரிந்துகொள்பவள். தெரிந்துகொண்டுவிட்டாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் சிரித்தாள். கன்னத்தைக் குழித்துப் புருவத்தைச் சுருக்கி, என்னைப் போலவே முகத்தை வைத்துக் காட்டினாள். நீ எப்போதும் இப்படித்தான், சின்ன விஷயத்துக்கும் இந்த முகம்தான் என்று கையை வீசினாள். பிறகு பஸ் வந்துவிடும் என்று காட்டிவிட்டு, மூச்சு வாங்க, எனக்கு முன்னால் நடந்து போனாள்.